மூலை வீட்டுக் கடுவன்

அன்று பள்ளியில் மாதிரித் தேர்வு என்பதால் இரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். கதவைத் திறந்ததும் காலைச் சுற்றிக்கொள்ளும் இரண்டு பூனைகளையும் காணவில்லை. சமையலறைத் தரையில் சாம்பல் நிற முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால், அடுப்பு மேடையில் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு கடுவன் பூனை உட்கார்ந்திருந்தது. மஞ்சள் நிறம், சட்டி மாதிரித் தலை, ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது. என்னைப் பார்த்தும் அது ஓடவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கைப்பையை ஓங்கிய பிறகுதான், அவசரமே இல்லாமல் இறங்கி, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து வெளியே போனது.

எங்கள் பூனைகள் இரண்டும் அக்கா தங்கை. நான் வேலை பார்க்கும் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்தில், கண்கூடத் திறக்காத குட்டிகளாகக் கிடந்தவை. ஒன்று சாம்பலில் கோடு போட்டது, கொஞ்சம் பருமன்; அவள் பெரியவள். இன்னொன்று வெள்ளையில் கறுப்புத் திட்டுகள், அவள் சின்னவள். நான்கு வருடங்களாக ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கி வளர்ந்தவர்கள். அன்று சின்னவளைப் பரணில், பழைய மிக்ஸி அட்டைப் பெட்டிக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். பயத்தில் அங்கேயே மூத்திரம் போயிருந்தாள். பெரியவள் கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை.

மேலே காயம் எதுவும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். நான்காம் நாள் பெரியவளின் வாலடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. தொட்டால் கத்தினாள்.

செம்பாக்கம் ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். வீக்கத்தைப் பார்த்ததுமே, "கடிதான் டீச்சர். பூனைப் பல்லு ஊசி மாதிரி. மேல தோல் மூடிக்கும், உள்ள சீழ் வெச்சிடும்" என்றார். கீறிச் சுத்தம் செய்து, கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டி அனுப்பினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன். சின்னவள் ஓடி வந்து அக்காவை முகர்ந்தாள். உடனே முதுகை வளைத்துச் சீறினாள். மருந்து வாசனை என்று விட்டேன். ஆனால் மறுநாள் அந்தக் கடுவன் மறுபடி ஜன்னலில் வந்து நின்றது. கண்ணாடிக் கதவு சாத்தியிருந்ததால் உள்ளே வர முடியவில்லை. சின்னவள் அதைப் பார்த்துக் கத்தினாள், திரும்பினாள், பக்கத்தில் நின்ற அக்காவின் மேல் பாய்ந்தாள். நானும் என் கணவரும் துண்டைப் போட்டுப் பிரிப்பதற்குள் என் முழங்கையில் மூன்று கீறல்.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அப்படி நடக்கும். எதிரியைத் தொட முடியலைன்னா பக்கத்துல இருக்கறவங்க மேல காட்டும்" என்றார். மனிதர்களைப் பற்றிச் சொல்வது போலத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒருத்தி படுக்கையறையில், இன்னொருத்தி கூடத்தில். எல்லா ஜன்னல்களும் சாத்தியே இருக்கும். பங்குனி வெயிலில் வீடு வெந்தது. நான் பள்ளிக்குப் போய்விடுவேன். கணவர் மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி முக்கோணம் வரையும்போதெல்லாம் எந்த ஜன்னலைச் சாத்தினேன், எதை விட்டேன் என்று மனசு வீட்டைச் சுற்றிவரும்.

முதலில் ஜன்னல்களில் பிளாஸ்டிக் வலை அடித்தோம். இரண்டே நாளில் கடுவன் அதைக் கிழித்து, கிழித்த இடத்தில் மூத்திரமும் அடித்துவிட்டுப் போயிருந்தது. பிறகு இரும்பு வலை. அது தாங்கியது. ஆனால் கடுவன் வராமல் இல்லை. தினமும் காலையும் மாலையும் மதில்மேல் உட்கார்ந்து அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுக்கும். உள்ளே இருவரும் நடுங்குவார்கள். சின்னவள் சாப்பாட்டைப் பாதிக்கு மேல் தொடுவதில்லை. முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அக்கா ரவிக்கை தைப்பவர். தெருவில் நடப்பது எல்லாம் அவருக்குத் தையல் மெஷினில் இருந்தபடியே தெரியும். அவர்தான் சொன்னார்.

"அது மூலை வீட்டுப் பூனை டீச்சர். அந்த வீட்டை இடிச்சு பிளாட் கட்டுறாங்கல்ல, அதுல வாடகைக்கு இருந்தவங்க வளர்த்தது. போன வருஷமே கூடுவாஞ்சேரிப் பக்கம் போயிட்டாங்க. இதை இங்கயே விட்டுட்டாங்க. அதுலேர்ந்து இது வெறி புடிச்ச மாதிரி சுத்துது."

எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சோறு போட்டு வளர்த்துவிட்டு, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போவார்களா? அவர்களுடைய பூனைக்கு என் பூனைகள் ஏன் பயந்து சாக வேண்டும்?

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. மழை நாட்களில் என்னைப் பள்ளியில் கொண்டுவிடும் ஆட்டோ அண்ணாவிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சுலபமாக வழி சொன்னார்.

"இதுக்கா பேஜாராவுற டீச்சர்? புடிச்சு வெச்சுட்டு ஒரு போன் போடு. ஊரப்பாக்கம் தாண்டி ஏரிக்கர ஓரமா வுட்டுட்டு வந்துர்றேன். அது பாட்டுக்கு எலி கிலி துன்னுகினு கெடக்கும்."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை, சரி என்றுதான் சொன்னேன். பிடிப்பதற்குக் கூண்டு வேண்டுமே. மருத்துவரிடம் போய், "அந்தக் கடுவனுக்குக் கருத்தடை செய்துடலாம்னு பாக்கறேன். கூண்டு கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாரும் துரத்தத்தான் பாப்பாங்க. நீங்க நல்ல காரியம் பண்றீங்க டீச்சர்" என்று சொல்லி, கதவு தானாக விழுந்து மூடிக்கொள்ளும் கம்பிக் கூண்டை ஆட்டோவரை அவரே தூக்கி வந்து கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோடை விடுமுறை தொடங்கிய முதல் வாரம். காலை ஏழு மணிக்குக் கூண்டை மதிலடியில் வைத்து, உள்ளே நெத்திலிக் கருவாட்டைப் போட்டுவிட்டு, சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். கடுவன் வந்தது. கூண்டை இரண்டு முறை சுற்றியது. உள்ளே போனது. கதவு விழுந்தது. அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே ஓடி வந்தார். கூண்டின் மேல் பழைய போர்வையைப் போர்த்தி, ஆட்டோ அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

அவர் வந்து கூண்டைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"டீச்சர், இன்னா இது? பொணம் மாதிரி நாத்தம் அடிக்குது."

போர்வையை விலக்கிக் குனிந்தோம். அந்த முதல் நாளுக்குப் பிறகு அதை மதில்மேலும் ஜன்னலுக்கு அப்பாலும்தான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கழுத்தைச் சுற்றி முடி இல்லை. சதை பிளந்து வளையமாக ஒரு பள்ளம் ஓடியது. அதற்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. ரத்தம் என்று நினைத்தேன்.

"பெல்ட் டீச்சர்," என்றார் ஆட்டோ அண்ணா. குரல் இறங்கிவிட்டது. "குட்டியா இருக்க சொல்லோ போட்ட பெல்ட்டு. இது வளந்துகினே போயிருக்கு, அது அப்டியே கீது. ஐயோ பாவம், எப்டித்தான் முழுங்குதோ."

கடுவன் கத்துவதை நிறுத்தியிருந்தது. கூண்டின் மூலையில் ஒடுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஏரிக்கரையில் விட்டிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்காது. நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

"டாக்டர்கிட்டயே போயிடலாம்ணா."

"நானே அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

மயக்க மருந்து கொடுத்து, மருத்துவர் அந்தப் பெல்ட்டை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டி எடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிவப்பு நைலான் பெல்ட். அதில் ஒரு குட்டி மணி. மணிக்குள் சீழும் மண்ணும் அடைத்துக் கெட்டியாகியிருந்தது. கருத்தடையையும் அந்த மயக்கத்திலேயே செய்து முடித்தார்.

"இவ்வளவு வலியோட இருந்தா யாருக்குத்தான் கோபம் வராது?" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. "பத்து நாளாவது ஒரு ரூம்ல வெச்சு மருந்து குடுக்கணும். இங்க இடமில்லை. உங்க வீட்டுல முடியுமா?"

எங்கள் மொட்டைமாடியில் சாமான்கள் போட்டுவைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்த கணவர் மாடிக்கு வந்து பார்த்தார்.

"இவனுக்குப் பயந்துதானே ஒன்றரை மாசமா ஜன்னலைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்?"

"ஆமாங்க."

"இப்ப இவனுக்கு மாடியில ரூம்."

"பத்து நாள்தாங்க."

அவர் பெருமூச்சு விட்டு, கீழே போய் டேபிள் ஃபேனை எடுத்து வந்து மாட்டினார்.

அந்தப் பெல்ட்டைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் அந்தக் குடும்பத்தின் நம்பர் இருந்தது. நன்றாக நாலு கேள்வி கேட்பது என்று வாங்கிப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். "நீங்க விட்டுட்டுப் போன பூனையைப் பத்திப் பேசணும்" என்று ஆரம்பித்தேன்.

"உயிரோட இருக்கானா?" என்றார். பிறகு அழ ஆரம்பித்துவிட்டார்.

கேட்க நினைத்த நாலு கேள்வியும் மறந்துபோனது. அழுகைக்கு நடுவே அவர் சொன்னது இதுதான். சாமான் ஏற்றிய அன்று அவனை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்து மூடி வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்து ஓடிவிட்டான். அடுத்த நாளும், அதற்கடுத்த ஞாயிறும் வந்து தேடியிருக்கிறார்கள். வீட்டை இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரே தூசியும் சத்தமும். இடிபாட்டில் மாட்டிச் செத்திருப்பான் என்று நினைத்துவிட்டார்கள். "பெல்ட் என் பொண்ணு ஆசையா வாங்கிப் போட்டதுங்க. அப்ப லூசாத்தான் இருந்துச்சு. பெருசா ஆனதும் மாத்தணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தோம். அதுக்குள்ள..." என்று முடிக்காமல் விட்டார். அவரைத் திட்ட எனக்கு எந்த யோக்கியதை இருந்தது? கூண்டின் போர்வையை விலக்கும்வரை நான் போட்டிருந்த திட்டம் எனக்குத்தானே தெரியும்.

மருத்துவரிடமும் அதை ஒப்புக்கொண்டேன். காயத்துக்கு மருந்து போடக் கூட்டிப்போன நாளில், "ஒரு பொய் சொல்லித்தான் கூண்டு வாங்கினேன்" என்று தொடங்கிச் சொல்லி முடித்தேன். அவர் கட்டுப்போடும் வேலையை நிறுத்தாமல், "தெரியும் டீச்சர். கூண்டு கேட்கறவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான். ஆனா இங்க கொண்டாந்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெளியே வந்து தெருவில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தேன்.

முதல் ஐந்து நாள் கடுவன் உறுமிக்கொண்டேதான் இருந்தான். ஆறாம் நாள், நான் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே சாப்பிட்டான். எட்டாம் நாள் என் புடவை முந்தானையை முகர்ந்துவிட்டு விலகிப்போனான். காயம் உலர்ந்து விளிம்பில் புதுத்தோல் தெரிந்தது.

பதினோராம் நாள் அந்தப் பெண் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, கையில் மூடிபோட்ட கூடையோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்து, "தங்கம், தங்கம்" என்று கூப்பிட்டார். கடுவன் பழைய பீரோவுக்குப் பின்னால் போனவன் வெளியே வரவில்லை. அரை மணி ஆனது. நான் டீ கொண்டுபோய் வைத்தேன். குடிக்கவில்லை. "என்னை மறந்துட்டான் போல" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

இன்னும் ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது, அவர் நீட்டிய காலில் அந்தப் பெரிய தலையை வைத்துக்கொண்டு கடுவன் கண்ணை மூடியிருந்தான். அந்தப் பெண் அசையவில்லை. என்னைப் பார்த்து, கால் மரத்துவிட்டது என்று சைகை காட்டிச் சிரித்தார்.

ஆட்டோ அண்ணாவை வரவழைத்துக் கூடுவாஞ்சேரி வரைக்கும் ஆட்டோவிலேயே அனுப்பிவைத்தேன். கூடையின் மூடியைக் கயிறு போட்டு இரண்டு சுற்றுக் கட்டியது என் கணவர்.

அன்று மாலை வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். வலை இருந்தது, கண்ணாடிக் கதவைத்தான் சாத்தவில்லை. காற்று வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் வீட்டுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தாலே சீறினார்கள். மருத்துவர் சொன்னபடி ஒருத்தி படுத்த துணியை இன்னொருத்தியின் இடத்தில் விரித்தோம். சாத்திய கதவின் இரண்டு பக்கமும் தட்டை வைத்துச் சோறு போட்டோம். பிறகு கதவை விரல் அளவு திறந்தோம். பிறகு ஒரு சாண். அவசரப்பட்ட ஒருநாள் மறுபடி கைகலப்பு ஆகி, மறுபடி முதலிலிருந்து. விடுமுறை முழுக்க இதே வேலை.

பள்ளி திறக்க நான்கு நாள் இருந்தபோது, மத்தியானம் கதவை முழுசாகத் திறந்துவைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால், சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தார்கள். பெரியவள் படுத்திருக்க, சின்னவள் அவள் காதை நக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கழுத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். நான் கையில் பாதி மடித்த சட்டையோடு அப்படியே நின்றேன். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

நான்கு மணிக்குக் கணவர் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் வாசலிலேயே நிறுத்தி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சத்தம் போடாமல் இருவரும் சமையலறைக்குப் போய், நின்றபடியே காப்பி குடித்தோம்.