புதைத்த டின்னில் உடும்புத் தலை

வெள்ளைக்காரர்கள் எமர்ஜென்சி போட்டிருந்த அந்தக் காலத்தில் தோட்டத்து மண்ணில் டின் புதைத்தவனிடம் யாரும் நியாயம் பேச மாட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுக்கிறான் என்று ராணுவ லோரியில் ஏற்றிவிடுவார்கள். போனவர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. இது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியவில்லை!

அவர் தோட்டப் பள்ளி வாத்தியார். டவுன் பள்ளிக்கு மாற ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அதில் ஆதிகால ஊர்வன பற்றி ஒரு பாடம். கல்லாகிப்போன மண்டையோட்டைப் பார்த்து இனம் பிரிப்பார்களாம். கண்குழிக்குப் பின்னால் ஓட்டையே இல்லாவிட்டால் ஒரு கூட்டம், ஒன்று இருந்தால் இன்னொன்று, இரண்டு இருந்தால் வேறொன்று. "ஒத்த ஓட்டைக் கூட்டத்துலேர்ந்துதான் நாமளே வந்தோம்" என்பார். "அது உங்கம்மா வீட்டுப் பக்கமா இருக்கும்" என்பேன்.

படத்தைப் பார்த்தால் மனசில் நிற்கவில்லையாம். தாப்பா டவுனிலிருந்து லோரி டிரைவர் கொண்டுவந்த உடும்பை லயத்து வரிசை வீடுகளே சேர்ந்து குழம்பு வைத்துத் தின்றபோது, இவர் தலையை மட்டும் கேட்டு வாங்கினார். எங்கிருந்தோ ஓர் ஆமைத் தலையும் வந்தது. எறும்பு தின்று எலும்பைச் சுத்தமாக்கட்டும் என்று, பிஸ்கட் டின்னில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, கொல்லையில் புதைக்கப் போனார். கங்காணி விடவில்லை.

"கோயிலு பக்கத்துல செத்த தலையா? வேலிக்கு வெளிய கொண்டு போங்க வாத்தியாரே."

இந்த மனுஷரும் தலையாட்டிவிட்டு, லயத்தைச் சுற்றி ராணுவம் போட்டிருந்த முள்வேலிக்கு வெளியே ஒரு தேயிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்தார்.

சில நாள் கழித்து, காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லாரும் வரிசையாக நின்றபோது ராணுவம் வந்தது. வெள்ளைக்கார ஆபீசரின் காலடியில் மண் ஒட்டிய அந்த டின்.

"இது யாரோடது?" என்று கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர் கேட்டார்.

என் வீட்டுக்காரர் முன்னால் போனார். "என்னோடது சார். பாடத்துக்கு வெச்ச எலும்பு."

"எலும்பை வேலிக்கு வெளியவா வெப்பே? யாரு வெக்கச் சொன்னா?"

கங்காணி தரையைப் பார்த்தார். "நானாத்தான் வெச்சேன்" என்றார் இவர்.

கையில் விலங்கு விழுந்தது. உள்ளே குண்டு இருக்குமோ என்று டின் பக்கம் ஒருவரும் போகவில்லை. லோரியை முடுக்கினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பாவி மனுஷா, என்னைத் தனியா விட்டுட்டுப் போறியே!

"டின்ன நல்லா பாருங்க லா!" என்று கத்தினேன். "சுத்தி ஓட்டை. ஓட்டை போட்ட டின்னுல எவனாச்சும் அரிசி புதைப்பானா? எறும்பு விட்டு வெக்குமா?"

போலீஸ்காரர் அதை இங்கிலீஷில் சொன்னார். ஆபீசர் பூட்ஸால் டின்னைப் புரட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரரையே திறக்கச் சொன்னார். எறும்பு சாரைசாரையாக வந்தது, பின்னாலேயே நாற்றம். ஆபீசர் மூக்கைப் பொத்திக்கொண்டு தடியால் தலைகளைச் சுட்டிக்காட்டி, என்னவென்று கேட்டார்.

விலங்கு மாட்டிய கைகளோடு இவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஆமைக்குக் கண்ணுக்குப் பின்னால் ஓட்டை இல்லை. உடும்பு இரண்டு ஓட்டைக் கூட்டம். கீழ் ஓட்டைக்கு அடியில் இருந்த எலும்பு மட்டும் காலப்போக்கில் மறைந்துவிட்டது. அத்தனை நாள் என்னிடம் சொன்னதையேதான் சொல்கிறார் என்று விரல் போகும் இடத்தை வைத்துப் புரிந்துகொண்டேன். முடித்ததும் முதலிலிருந்து தொடங்கினார். நிறுத்தினால் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். ஆபீசர் சலித்துப்போய் விலங்கைக் கழற்றச் சொன்னார்.

லோரி வளைவு திரும்பிய பிறகும் இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "போயிட்டாங்க. போதுங்க" என்று நான்தான் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

பரீட்சை ஈப்போ டவுனில் நடந்தது. திரும்பி வந்தவர் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"மண்டையோட்டுக் கேள்வி வந்துச்சா?"

"மொதக் கேள்வியே அதான்."

"அப்புறம் என்னங்க? தலைகீழாத் தெரியுமே உங்களுக்கு."

"எழுதல. கேள்வியப் படிச்சதும் ரெண்டு கையும் அன்னிக்கு விலங்கு மாட்டுன மாதிரி தானா சேந்துக்கிச்சு. பிரிக்க முடியல."