முன் பல்சக்கரம் ஒன்றா, இரண்டா?

ஞாயிற்றுக்கிழமை சகலையோடு ஸ்ரீமுஷ்ணம் வரை சைக்கிள் பந்தயம். சவால் விட்டதே நான்தான். அதனால் இன்று கியர் சைக்கிள் வாங்கப் போனேன்.

"முன்னாடி பல்சக்கரம் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமாண்ணே?" என்று கேட்டார் கடைக்கார அம்மா.

"ஒண்ணெல்லாம் சின்னப் பசங்களுக்கும்மா. கேரியர்ல ஐந்நூறு பீங்கான் கப்பு கட்டிக்கிட்டு திட்டக்குடிக்கு மிதிச்சவன் நானு. ஒண்ணுகூட உடையல."

"சரிங்க, ரெண்டு உள்ளத மேம்பாலம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வாங்க."

புயலாக ஏறினேன். பாதி ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்திலிருந்து சின்னதுக்கு மாற்றினேன். செயின் கழன்று தொங்கிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "பெரியவரே, ஏறிக்கிறீங்களா?" என்றார்.

பெரியவராம்!

தள்ளிக்கொண்டே திரும்பினேன். செயின் மசியில் கறுத்திருந்த என் கையைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அழுத்தி மிதிச்சிக்கிட்டே மாத்துனீங்களா? ஒண்ணு உள்ளதுல இந்தத் தொல்ல இல்லீங்க. ஆனா நேர் ரோட்டுல ரெண்டு வச்சிருக்கறவரு உங்கள முந்திடுவாரு."

சகலையிடம் இருப்பது இரண்டு.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். ஒன்றா, இரண்டா? சீக்கிரம் கமெண்டில் சொல்லுங்கள்.

இன்று மேம்பாலத்தில் என்னைப் பார்த்தவர்கள் மட்டும் லைக்கோடு நிறுத்திக்கொள்ளவும்.