கொப்பி இல்லாத நாலு நாள்

சாந்தரூபன் கிளிநொச்சிப் பக்கத்து ஆள். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருசம். அதில் ஆறு வருசமாக, வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்பக்கத்து மாடி வீடொன்றில் சிஞ்ஞோர் நினோ என்ற எண்பத்தாறு வயது மனுசனைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. குளிக்க வார்ப்பான், சமைப்பான், மத்தியானம் கூட இருந்து சாப்பிடப் பண்ணுவான். நாற்பத்து மூன்று வயதில், முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்து ஒரு சான்றிதழ் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

அதில் உளவியலும் ஒரு பாடம். ஆசிரியை பலகையில் மூன்று பெட்டி கீறினா. ஒரு கூட்டம் மனசின் அடியில் மறைந்து கிடப்பதைத் தோண்டும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் நம்பும். மூன்றாவது, ஆள் என்ன நினைத்து அதைச் செய்தான் என்று கேட்கும். பிறகு வீட்டுவேலை தந்தா: ஒரே ஆளை இரண்டு கிழமை அவதானிக்க வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது, கண்டதை எழுத வேண்டும். சோதனையில் அதை வைத்துத்தான் கேள்வி.

திங்கள் மத்தியானம் சாந்தரூபன் கட்டம் போட்ட கொப்பியோடு நினோவுக்கு நேரெதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான். 'கை நடுங்கியது. இரண்டு தரம் சிந்தினார். அரைத் தட்டு.' செவ்வாய் கால் தட்டு. வெள்ளி நாலு வாய்.

ஞாயிறு பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து மகள் றொசால்பா வந்து தகப்பனைத் தராசில் ஏற்றினா. ஒன்றரைக் கிலோ குறைவு.

"வாற ஞாயிறும் இப்பிடித்தான் எண்டால், எங்கடை ஊரிலை ஒரு முதியோர் இல்லம் இருக்கு, அங்கை விடுறதுதான். நீர் எழுதுறீர் எல்லே, எனக்கும் காட்டும்."

நினோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளை நினைச்ச ஏக்கமப்பா," என்றாள் அன்றிரவு வீட்டில் சாந்தரூபனின் மனைவி றஜிதா. "உள்ளுக்கை வைச்சுக் குமையிறார்."

கூடப் படிக்கும் அன்ரனி மன்னார்க்காரன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் வேலை. அவனுக்கு றஜிதா சொன்ன விளக்கம் பிடிக்கவில்லை. "ஏக்கமாவது மண்ணாவது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கரண்டி ஐஸ்கிறீம் குடுத்துப் பாருங்கோ அண்ணை. என்ரை நாயும் அப்பிடித்தான் பழகினது."

"அவர் நாயில்லையடா."

"எங்கடை பாடப் புத்தகத்திலையும் நாயை வைச்சுத்தானே கிடக்கு."

ஐஸ்கிறீம் மட்டும்தான் முடிந்தது. சாந்தரூபன் நாளுக்கு ஒன்றாக மாற்றிப் பார்த்தான்: ஒரு நாள் ஐஸ்கிறீம், மறுநாள் வேறு தட்டு. ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் புதுக் கோடு. கோடு கூடக் கூடச் சாப்பாடு குறைந்தது.

புதன், பத்தாம் நாள், மழைக்கு அவசரப்பட்டு வெளிக்கிட்டதில் கொப்பி வீட்டில் கிடந்துவிட்டது. அன்றைக்குச் சூடை மீன் போட்ட பஸ்தா. எழுத ஒன்றும் இல்லாதபடியால் குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினான். திரும்பி வர, தட்டு வெறுமை. மேசைத் துணியில் நாலைந்து கறை.

சூடை மீன்தான் விசயம் என்று நினைத்தான். வியாழன் அதே பஸ்தா, அதே தட்டு, அதே நேரம். கொப்பியை விரித்தான். நினோ இரண்டு வாயோடு கரண்டியை வைத்துவிட்டார்.

நேற்று அவனைக் குசினிக்குப் போக விட்டதும், இன்று எதிரே இருத்தி வைத்ததும் ஒன்றேதான். அது அவன் மடியில் இருந்தது.

"சிஞ்ஞோர், நான் இதிலை என்ன எழுதிறன் எண்டு நினைக்கிறியள்?"

கிழவர் விரலால் கொப்பியைக் காட்டினார். "நான் சிந்தினதை. என்ரை மனுசிக்கும் உப்பிடித்தான் ஒருத்தி பக்கத்திலை இருந்து எழுதினவள். எழுதி முடிஞ்ச கிழமையே இல்லத்துக்குக் கொண்டுபோட்டினம். வாயிலை வைக்காட்டில் சிந்தாது. சிந்தாட்டில் எழுத ஒண்டுமில்லை."

சாந்தரூபனுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. போர் முடிந்து அடைபட்டிருந்த முகாமில், விசாரிக்கக் கொப்பியோடு ஒருவன் முன்னால் வந்து குந்தின நாட்களில் அவனும் தன் பெயருக்கு மேல் ஒரு சொல் சொன்னவனில்லை. பேனை தன் கையில் இருக்கும்போது அது ஞாபகம் வரவில்லை.

கொப்பியைக் கிழவரின் கையில் கொடுத்தான். அவர் புரட்டிப் பார்த்தார்.

"இது றொசால்பாவுக்கு விளங்குமோ?"

"விளங்காது. தமிழ்."

"அப்ப நல்லது," என்றார்.

வெள்ளியும் சனியும் அவன் கொப்பி கொண்டுபோகவில்லை. ஞாயிறு றொசால்பா வந்ததும் வராததுமாகக் கேட்டா: "கொப்பி எங்கை?"

"இண்டைக்கு இல்லை, சிஞ்ஞோரா. நீங்களும் அவற்றை தட்டைப் பாக்காதேங்கோ. பகேரியாவிலை என்ன புதினம் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

நம்பிக்கை இல்லாமல்தான் றொசால்பா, மேல்வீட்டுக்காரி உடுப்புக் காயப்போட்டதால் வந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினா. நினோவின் சேட்டில் பஸ்தா விழுந்தது. துடைக்கப் போன அவவின் கை பாதியில் நின்றது. கதை முடிய முன்னம் தட்டு முடிந்தது. பிறகு தராசு: அரைக் கிலோ கூட.

"அப்ப இப்போதைக்கு வீட்டிலையே இருக்கட்டும்," என்றா.

சோதனையன்று ஆசிரியை, அவன் இத்தாலியத்தில் மாற்றி எழுதிக் கொடுத்த தாள்களைப் புரட்டினா.

"பத்தாம் நாள் வெறுமை. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலும் வெறுமை. வேலைக்குப் போகேல்லையோ?"

"போனனான் ரீச்சர். அந்த நாலு நாளும்தான் அவர் சாப்பிட்டவர்."