மேல் வரிசை செவப்பு பலூன்

புது பலூனை வாயில வெச்சு ஊதினா நாக்குல ஒரு கசப்பு ஒட்டும் பாருங்க... மாவு மாதிரி கொஞ்சம் பவுடரும் சேந்து.

இன்னிக்கும் எந்த பர்த்டே பார்ட்டிக்குப் போனாலும் எனக்கு கேக் ஞாபகம் வராது, அந்தக் கசப்புதான் வரும்.

நானும் ரஃபியும் பெரம்பலூர்ல ஐடிஐ-ல ஃபிட்டர் படிப்பு முடிச்சிட்டு, எவனாவது வேலைக்குக் கூப்பிடுவான்னு காத்துக்கிட்டிருந்த காலம். சும்மா இருக்கறதுக்கு சிறுவாச்சூர் கோவில் பக்கத்துல பலூன் சுடுற கடை போட்டோம். அந்தக் கோவில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அதனால எங்க கடையும் அந்த ரெண்டு நாள்தான்.

பழைய ஏர்கன் ஒண்ணு. கோணி அடிச்ச பலகை. அதுல வரிசை வரிசையா பலூன். ஊதுறது ரஃபி, ஆளுங்களைக் கூப்பிடுறது நான்.

அந்த ஏர்கன் ட்ரிகர் இருக்கே... கல்லு மாதிரி இருக்கும். விரல் நோக அமுக்கணும். அமுக்குற வேகத்துல குழல் கீழ எறங்கிடும், குண்டு கோணியில போய் சொருகிக்கும். பலூன் பாட்டுக்கு ஆடிக்கிட்டிருக்கும்.

"இந்த ட்ரிகர்தான்டா மச்சான் நமக்கு சோறு போடுது"ம்பான் ரஃபி.

அப்பதான் அவ வந்தா.

பாடாலூர் பக்கத்துலேருந்து அவ அத்தையோட பஸ்ல வருவா. அத்தைக்கு ஏதோ வேண்டுதல். சாமி கும்பிட்டு வெளிய வந்ததும் அத்தை பூக்கடையில பேச்சுக்கு நின்னுடும். இவ நேரா நம்ம கடைக்கு வந்துடுவா. பேரு தேன்மொழின்னு நான் கேட்டுத் தெரிஞ்சிக்கல. "ஏ தேன்மொழி, பஸ்ஸு போயிரும்டி"ன்னு அத்தை போட்ட சத்தத்துல தெரிஞ்சிக்கிட்டதுதான்.

கிட்ட இருக்கற பலூனையெல்லாம் திரும்பிக்கூட பாக்க மாட்டா. மேல் வரிசை, எடது மூலை, செவப்பு. அது ஒண்ணுதான் அவளுக்கு வேணும்.

ஒத்தக் கண்ண மூடி, உதட்டைக் கடிச்சு, மூச்சைப் புடிச்சு அமுக்குவா... கோணிதான்.

"இன்னிக்கும் போச்சா! இருங்க, வெள்ளிக்கிழம வந்து வெச்சிக்கறேன்" அப்படின்னுட்டுப் போவா. வெள்ளிக்கிழமை போனா, திங்கக்கிழமை.

அந்த மூலைக்கு மட்டும் செவப்பு பலூனை நானே ஊதி மாட்டாம கடை திறந்ததே இல்ல. வேற யாராவது அந்தப் பக்கம் குறி வெச்சா, "கீழ் வரிசைதாங்க சுலபம்"னு திருப்பி விடுவேன். ரஃபி பாத்துட்டு சிரிப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை சுட்டு முடிச்சிட்டு விரலை உதறினா. ட்ரிகர் அழுத்தி அழுத்தி செவந்து கன்னிப் போயிருந்துச்சு.

"வலிக்குதுங்க. டைப்ரைட்டிங் பரிட்ச வேற வருது."

அவ்வளவுதான் சொன்னா. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

ஞாயித்துக்கிழமை மதியம் ஏர்கனைப் பிரிச்சு போட்டு உக்காந்தேன். துரு எல்லாம் மண்ணெண்ணெயில தொடச்சு, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ட்ரிகர்ல இருந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளத்தினேன். படிச்ச படிப்பை நான் முழு மனசோட பயன்படுத்தினது அன்னிக்குத்தான்.

ரஃபி பக்கத்துல வந்து நின்னான்.

"மச்சான், வேணாம்டா. ஊரே வந்து ஒடைச்சிட்டுப் போவும். ஊதி ஊதி எனக்கு மூச்சு நின்னுரும்."

நான் ஸ்க்ரூவையே திருகிக்கிட்டிருந்தேன். அவனே மெதுவா கேட்டான்.

"டேய்... அந்த பலூன் ஒடைஞ்சிட்டா அந்தப் புள்ள எதுக்குடா இங்க வரப்போவுது?"

எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா கண்ணு முன்னாடி அந்த விரல்தான் நின்னுச்சு.

திங்கக்கிழமை வந்தா. குண்டு போட்டுக் குடுத்தேன்.

"அமுக்காதீங்க. லேசா தொட்டாப் போதும்."

தொட்டா.

டப்!

அவளே பயந்துட்டா. அப்புறம் ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க... கோவில் வாசல்ல அத்தனை கூட்டத்துக்கு நடுவுல, புள்ளை மாதிரி கை தட்டினா. துப்பாக்கியைப் பாத்தா, என்னைப் பாத்தா.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. எண்ணெ விட்டேன்."

கீழ விழுந்த செவப்பு ரப்பர் துண்டைக் கேட்டு வாங்கி பர்ஸுக்குள்ள வெச்சிக்கிட்டா. "வரேங்க"ன்னா. நம்ம ஊர்ல போறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.

வெள்ளிக்கிழமை வரல. அடுத்த திங்களும் வரல. ரெண்டு மூணு மாசம் கழிச்சு அத்தை மட்டும் ஒரு நாள் தனியா வந்துச்சு. ரஃபிதான் எனக்காக விசாரிச்சான். பரிட்ச பாஸாம், மெட்ராஸ்ல வேலை கெடச்சு போயிடுச்சாம்.

அன்னிக்கு சாயங்காலம் அந்த ஸ்க்ரூவை மறுபடி இறுக்கினேன். ரஃபி பக்கத்துல உக்காந்து மூலைக்கு ஒரு செவப்பு பலூன் ஊதினான்.

(வீட்டுல இதைப் படிப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கிட்டாச்சு.)

இப்ப ஓசூர்ல வேலை. போன வருஷம் ஆபீஸ் டீமோட ஏர்சாஃப்ட்னு பிளாஸ்டிக் குண்டு சுடுற விளையாட்டுக்குப் போனோம். கேஸ்ல ஓடுற துப்பாக்கி, பாக்க நிஜம் மாதிரியே இருந்துச்சு. "ட்ரிகர் ட்யூன் பண்ணி வெச்சிருக்கோம் சார், தொட்டாலே போதும்"னான் அங்க இருந்த பையன். தொட்டேன். குறி வெச்சதெல்லாம் விழுந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நான் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துட்டு, வெயில் தாங்கலன்னு சொல்லி நிழலுக்கு வந்துட்டேன்.

இந்த லீவுக்கு ஊருக்கு வந்தப்ப, ஒரு திங்கக்கிழமை மகளைக் கூட்டிக்கிட்டு சிறுவாச்சூர் போனேன். எங்க எடத்துல இப்ப வேற யாரோ பலூன் கடை போட்டிருக்காங்க. மகளும் சுடணும்னு கேட்டா, காசு குடுத்து துப்பாக்கியை வாங்கிக் குடுத்தேன். அமுக்கினா, அமுக்கினா... குண்டு பலகையிலதான்.

"அப்பா, ரொம்ப டைட்டா இருக்குப்பா. லூஸ் பண்ணித் தரச் சொல்லு."

கடைக்காரர் சிரிச்சிக்கிட்டே துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினார்.

"வேணாங்க, அப்படியே இருக்கட்டும்"னேன்.

அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. பக்கத்துல உக்காந்து அவ விரலை ஊதி விட்டேன்.

"வெள்ளிக்கிழம மறுபடி வரலாம் கண்ணு."