நான் திருத்திய நாற்பத்தொரு எண்கள்

இரண்டாயிரம் பிறந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருக்கும். அப்போது டெல்லி சரோஜினி நகரில், அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நான் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் டைப்பிங்கில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. என் மகள் பொறியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய புராஜெக்ட் ஆம்ப்ளிஃபையரைப் பற்றியது. கல்யாண வீட்டு மைக் செட்டில் சின்னக் குரலைப் பெரிய குரலாக்குகிறதே, அந்தக் கருவிதான். அவளே சிறியதாக ஒன்று செய்து, உள்ளே எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் வெளியே எவ்வளவு வருகிறது என்று அளந்து, நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த அளவுகளைக் காட்டினால் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளுமாம். குழந்தைகளே, நாலு பூனைகளைப் பார்த்த பிறகு, ஐந்தாவதை யாரும் சொல்லாமலே பூனை என்கிறீர்கள் அல்லவா? அதுபோலத்தான். பிறகு புதிதாக ஒரு எண்ணைக் கொடுத்தால், ஆம்ப்ளிஃபையர் என்ன செய்யும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும்.

நோட்டில் முந்நூறு வரிகளுக்கு மேல் இருந்தன. அவளுக்கோ பரீட்சை நேரம்.

“குடும்மா, நான் அடிச்சுத் தாரேன்” என்றேன்.

“ஜல்தி இல்லப்பா, சண்டேக்குள்ள போதும். ஆனா தப்பு வரக்கூடாது.”

“என்கிட்டயா சொல்லுத?”

உள்ளே பத்து கொடுத்தால் வெளியே ஐந்நூறு. இருபதுக்கு ஆயிரம். நூறுக்கு ஐயாயிரம். படி ஏறுவதுபோல அழகாக ஏறிக்கொண்டே வந்தது. அதற்குமேல் ஏதோ இடறியது. நூற்று நாற்பதுக்கு ஏழாயிரம் வரவேண்டிய இடத்தில் ஐயாயிரத்து எண்ணூறு. நூற்று அறுபதுக்கும் ஏறக்குறைய அதேதான். பாவம், தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அலுவலகத்தில் ஒரு பட்டியலில் கூட்டல் பிசகியிருந்தால் நானே சரிசெய்து அடித்துக் கொடுப்பேன். அதற்குப் பாராட்டும் கிடைக்கும். அந்தப் பழக்கம் கையிலேயே இருந்தது. ஐயாயிரத்து எண்ணூறை ஏழாயிரம் ஆக்கினேன். அடுத்ததை எட்டாயிரம் ஆக்கினேன். இப்படி நாற்பத்தொரு இடங்கள்.

அவள் பக்கத்து அறையில்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். ‘இதுகூட அப்பாவுக்குத் தெரியல’ என்று நினைத்துவிடுவாளோ என்று கூச்சமாக இருந்தது.

“ஆபீஸ்ல இப்படி உழைச்சிருந்தா எப்பவோ புரமோஷன் வந்திருக்கும்” என்று என் மனைவி கேலி செய்தாள்.

கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது. அவள் துள்ளினாள். “அப்பா, பாருங்களேன்! ஒரு தப்புகூட இல்ல!” எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆசிரியை அவள் எதிரிலேயே நிஜ ஆம்ப்ளிஃபையரில் சோதித்துப் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டர் எட்டாயிரம் என்றதாம். கருவி ஆறாயிரத்தைக்கூடத் தொடவில்லையாம்.

“நான் அளக்கவே இல்லையாம்பா. ரீடிங் எல்லாம் ஜூட்டாம், பொய்யாம். திங்கட்கிழமை பதில் சொல்லலேன்னா புராஜெக்டை வாங்கவே மாட்டாங்களாம்.”

இரண்டு வாரம் அந்த ஆய்வகத்தில் கால் கடுக்க நின்றவள் அவள். பொய்க்காரி என்ற பெயரை அவளுக்கு வாங்கித் தந்தவன் நான். வாயைத் திறக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடமும், சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்றுகூட யோசித்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

“நான்தாம்மா மாத்தினேன்” என்றேன். “நீ தப்பா எழுதிட்டன்னு நினைச்சேன்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, அலமாரி மேலிருந்த ரேடியோவைப் போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகினாள். பாட்டு கரகரவென்று கிழிந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி சத்தம் போட்டாள்.

“கேக்குதாப்பா? இதுக்குள்ளயும் ஆம்ப்ளிஃபையர்தான். இதுக்கு மேல அதால முடியாது. முடியாத இடத்துல அது எப்படித் திணறுதுன்னுதான் நான் கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுக்கப் பாத்தேன். நீங்க அதை முடியாதுன்னே சொல்லாத நல்ல பிள்ளையாக்கிட்டீங்க.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. என் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பஸ் அப்பா, போதும், அழாதீங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் நானும் அழுகிறேன் என்று தெரிந்தது.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவளோடு பேருந்தில் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியை முன்னால் நோட்டையும் நான் அடித்த தாள்களையும் வைத்து, “மேடம்ஜி, கல்தி மேரா ஹை” என்றேன், தப்பு என்னுடையது என்று. என் இந்தி அவ்வளவுதான். அவர் இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டார். கடைசியில் மகளிடம், நோட்டில் இருப்பதை அப்படியே கொடுத்து மறுபடி செய்யச் சொல்லி ஒரு வாரம் தந்தார். என்னை உட்காரச் சொல்லித் தேநீரும் வரவழைத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை.

அந்த நாற்பத்தொரு எண்களையும் மறுபடி நானேதான் அடித்தேன். “வேற ஆளைப் பாக்கட்டுமா?” என்று அவள் சீண்டினாள், ஆனால் நோட்டை என்னிடம்தான் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை திரையில் ஒரு கோடு நேராக ஏறிப் போய், ஓரிடத்தில் மெல்ல வளைந்து நின்றது. அந்த வளைவைத் தொட்டுக் காட்டி, “இதுதாம்பா என் புராஜெக்ட்” என்றாள்.

ஒன்று எனக்குப் புரியாததாலேயே அது தப்பாகிவிடாது என்பதை என் மகளிடம் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து அவளுடைய எதையும் கேட்காமல் நான் திருத்துவதில்லை, கேட்கக் கூச்சப்படுவதும் இல்லை.