கடைசித் தெரு

என் மச்சான் சிக்ஸ்டன் கரடிக்குப் பயப்படமாட்டான். ஊழல் என்ற சொல்லுக்குப் பயப்படுவான். வடக்கு ஸ்வீடனில், எங்கள் லில்லோன் ஊராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான். வழியில் யாராவது காபி நீட்டினால்கூடத் தன் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

வேண்டியவர்களுக்குச் சலுகை செய்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘மச்சான் அரசியல்’. நானோ அவன் தங்கை சிக்னேயைக் கட்டியவன். போதாக்குறைக்கு இரண்டு குடும்பமும் ஒரே தெரு. கேட்க வேண்டுமா? ஊரெல்லாம் தள்ளி முடித்த பிறகுதான் எங்கள் தெருவுக்கு வருவான். எங்களுக்கு முழங்கால் வரை பனி, அவனுக்கு ஊர் முழுக்க நல்ல பெயர். “தன் தெருவையே கடைசியில வைக்கிற மனுஷன்” என்று கடையில் பேசிக்கொள்வார்கள். காது சிவக்க நின்று கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலர் பள்ளியைத் திறக்கிற மைவோரும் எங்கள் தெருதான். போன ஜனவரியில் ஒருநாள் அவள் கார் பனியில் புதைந்துவிட்டது. பழைய சறுக்குவண்டியை எடுத்து, ஒரு காலால் உந்திக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அதற்குள் குழந்தைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் மூக்கு ஒழுக நின்றிருந்தன. இன்னொரு தரம் தாமதமானால் சாவி வேறு ஆளிடம் போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

மாலையில் நேராக சிக்ஸ்டன் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“ஏன்யா சிக்ஸ்டன், ஊழல்னா என்ன?”

ஊர்ப் பொருளைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்துவது என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான்.

“சரி. ஊராட்சி போட்ட வரிசையில நம்ம தெரு எத்தனையாவது?”

“மூணாவது.”

“அதைக் கடைசியில வச்சு நீ நல்ல பேரு வாங்கற. வண்டி ஊரோடது, பேரு உன்னோடது. இதுக்கு என்ன சொல்லுவ?”

வாழ்நாளெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போன சொல் வீடு தேடி வந்துவிட்டது. அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த பனிக்கு எங்கள் தெரு மூன்றாவதாகச் சுத்தமானது. மைவோர் நேரத்தோடு போய்ப் பள்ளியைத் திறந்தாள். எல்லா வீட்டு வாசலிலும் பனி குவியாதபடி சிக்ஸ்டன் வண்டியின் முன்தகட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருந்தான். அவன் வாசலிலும் என் வாசலிலும் மட்டும் இடுப்பளவுக்குப் பனிச்சுவர் நின்றது. போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தேன்.

“உன் வாசலைத் தள்ளினா மச்சான் அரசியல்னு சொல்லுவாங்கடா.”

“நம்ம ரெண்டு வாசலை மட்டும் விட்டுட்டு நல்ல பேரு வாங்கினா?”

வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“இரு,” என்றான். “மைவோர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”