அவசரம் லேது

என் மகள் திருப்பதியில் பிறந்தாள். சிசேரியன். எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் திருச்சிப் பக்கத்துக்காரன். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மனைவி சித்தூர்க்காரி. அவள் வீட்டில் தமிழ், படித்தது தெலுங்கில், கோபம் வந்தால் இரண்டும் வரும்.

என் தெலுங்கைப் பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருந்தது. பாதியை கேன்டீனிலும் மீதியை பஸ்ஸிலும் கற்றிருந்தேன். நம் ஊரிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்த பையன்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்க என்னைத்தான் கூட்டிப் போவார்கள். தெலுங்கில் பாதிச் சொற்கள் நம் சொற்கள்தான், பின்னால் ஒரு ‘லேது’வோ ‘உந்தி’யோ சேர்த்தால் போதும் என்று அவர்களுக்குப் பாடம் வேறு எடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, குழந்தை டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். மனைவி வார்டில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் மார்பிலிருந்து எடுக்காமலே பேசினார்.

“சின்ன மர்மர் உந்தி. சாலா மந்தி பில்லலகு உண்டுந்தி. எக்கோ அவசரம் லேது.”

இதயத்தில் ஏதோ சின்னச் சத்தம் கேட்கிறது. நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும். எக்கோ ஸ்கேன் எடுக்க அவசரமில்லை. எல்லாம் புரிந்தது என்று தலையாட்டினேன். எனக்குப் பின்னால் இன்னும் நான்கு அப்பாக்கள் நின்றார்கள். டாக்டர் ஃபைலில் எழுதியதில் ‘மர்மர்’ என்ற ஒரு வார்த்தையைத்தான் என்னால் படிக்க முடிந்தது. மீதி கோழி கிளறிய மாதிரி இருந்தது.

“டாக்டரு இன்னா சொன்னாரு?” என்று மனைவி கேட்டாள்.

“நல்லா இருக்காளாம்.”

பச்சை உடம்புக்காரியிடம் இதையெல்லாம் சொல்வார்களா என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, தையல் ஆறட்டும் என்று நினைத்தேன். ஒன்றைத் தள்ளிப்போடத் தொடங்கியவனுக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை.

தாயும் சேயும் சித்தூரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். நான் திருப்பதியில் என் அறையில் இருந்துகொண்டு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். மாமனார் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்து முடித்ததும் “மாப்ள, பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்று கேட்பார். திருப்பதிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் இருப்பது அவருக்கும் தெரியும். கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு என்னுடன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வருவார். வழியில் ஒன்றும் பேச மாட்டார். அது அவர் காட்டும் பிரியம் என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அத்தை, அதாவது மாமியார், வேறு மாதிரி. காய்கறிக்காரர் பை எடுத்தால் “கவரு அவசரம் இல்லப்பா” என்பார். சாப்பிட உட்கார்ந்தால், “எனுக்கு மோரு அவசரம் இல்ல.” இவர்கள் எதற்கும் அவசரப்படாத குடும்பம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் எல்லாரும் பறப்பவர்கள், அதனால் இது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வாரத்தில் மற்ற நாட்கள் மர்மரைப் பற்றிப் போனில் படித்தேன். பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, உதடு நீலமாகிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி எழுதியிருந்தது. சனிக்கிழமை போனதும் அதையெல்லாம் பார்த்தேன். சித்தூர் வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? குழந்தைக்கு முத்தம் கொடுப்பதுபோல் குனிந்து அவள் மார்பில் காதை வைத்துக் கேட்பேன். டபக் டபக் என்று கேட்கும். அதில் எது சத்தம், எது இதயம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

“மாப்ள பாப்பா நெஞ்சுலியே மூஞ்ச வச்சிக்கினு கீறாரு” என்று அத்தை சிரிப்பார். மனைவியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருக்கலாம். போகவில்லை. அவசரமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா? உண்மை என்னவென்றால், எடுத்தால் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தபோது மாற்றல் வந்தது. ஹரியானாவில் கம்பெனி புதிதாகத் தொடங்கும் பிரிவுக்கு ஒரு மாதத்தில் போய்ச் சேர வேண்டும். சித்தூரில் மாம்பழ சீசன். பழக்கூழ் ஃபேக்டரிகளுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நின்றன, ஊர் முழுக்கப் புளித்த மாம்பழ வாசனை. அந்த வெயிலில் என் மனைவி பஜாருக்குப் போய்க் குழந்தைக்குக் கம்பளிக் குல்லா கேட்டிருக்கிறாள். கடைக்காரர் பரணில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தாராம். கூடவே போனைப் பார்த்து இந்தியில் எண்கள் கற்றுக்கொண்டிருந்தாள். தூளியை ஆட்டும்போது ஏக், தோ, தீன் என்று இருபது வரைக்கும் போவாள். பன்னிரண்டும் பதின்மூன்றும் தினமும் இடம் மாறும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னிடம் கேட்டாள். “டிக்கெட்டு எங்களுக்கும் சேத்துத்தானே போடப் போறீங்க?”

அதற்குள் நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பாஷை தெரியாத ஊர், குளிர் வேறு. அங்கே போய் இவளுக்கு மூச்சு முட்டினால் யாரிடம் ஓடுவது? முதலில் நான் போகலாம், பிறகு வந்து இங்கேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அழைத்துப் போகலாம். இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

“நீங்க வர்றதுக்கு இப்போ அவசரம் இல்ல. நான் மட்டும் போறேன்.”

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். “சரி” என்றாள்.

அடுத்த வாரம் போனபோது பயணத்துக்கென்று அவள் கட்டி வைத்திருந்த பை பீரோவின் மேல் ஏறியிருந்தது. தூளி சும்மா ஆடியது, இந்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்து முடித்தோம். மாமா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அவர் தலை நிமிரவில்லை. தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வயதாகிறது, முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான் நினைத்தேன். மற்றவர்கள் மனதைப் படிப்பதில் நான் அவ்வளவு கெட்டிக்காரன்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு யார் மார்பில் காதை வைத்துக் கேட்பது? அந்தச் சனிக்கிழமை லீவு போட்டு, முந்தின நாளே சித்தூர் போய், பாப்பாவைத் திருப்பதியில் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்றேன்.

“ஊசி எல்லாம் இங்கியே போட்டாச்சே?”

“சும்மா ஒரு தடவை.”

மறுபேச்சு இல்லாமல் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். சந்திரகிரி வந்ததும் குழந்தைக்குக் கோட்டை மலையைக் காட்டினேன். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பார்த்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

டாக்டர் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் சிறந்த தெலுங்கில், எக்கோ எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டித் தான் எழுதியதைத் தானே படித்தார்.

“எக்கோ எந்துகு? அவசரம் லேதனி ராசானு கதா?”

எக்கோ எதற்கு, அவசரம் இல்லை என்று எழுதியிருக்கிறேனே என்கிறார். “அவசரம் இல்லைதான் சார், ஆனால் எப்போது எடுப்பது?” என்று மறுபடி கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, பேச்சு புரிகிற ஆள் வேண்டும் என்பதுபோல் என் மனைவி பக்கம் திரும்பினார். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. குழந்தைக்கு என்ன என்று தெலுங்கில் கேட்டாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். பிறந்தபோது சின்னச் சத்தம் இருந்தது, பல குழந்தைகளுக்கு இருப்பதுதான், தானாகப் போய்விடும், ஸ்கேன் தேவையில்லை என்று அன்றைக்கே இவரிடம் சொன்னேன். இப்போது அந்தச் சத்தம்கூட இல்லை.

வெளியே வந்து மருந்துக் கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

“அன்னிக்கி உங்ககிட்ட அவர் இன்னா சொன்னாரு? அப்பிடியே சொல்லுங்க.”

அப்படியே சொன்னேன்.

“அவசரம்னா தெலுங்குல தேவை. ‘எக்கோ தேவையில்ல’ன்னு சொல்லிக்கீறாரு.” குழந்தையின் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். “நாலு மாசமா இதத்தான் காது வச்சிக் கேட்டுக்கினு இருந்தீங்களா?”

ஆமாம் என்றேன்.

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.” அவள் அழுதாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்பதற்காகவா, நான் மறைத்ததற்காகவா தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பசித்தது. நான்கு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறியிருந்தது.

“டிக்கெட்டு கேட்டப்போ எங்களுக்கு அவசரம் இல்லன்னு சொன்னீங்களே. அது உங்க ஊரு அவசரமா, எங்க ஊரு அவசரமா?”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. காய்கறிக்காரரின் கவர், அத்தையின் மோர். அவர்கள் வீட்டுத் தமிழிலும் அவசரம் என்றால் தேவைதான். நான் அவர்கள் பெண்ணின் முகத்துக்கு நேராக, நீயும் குழந்தையும் எனக்குத் தேவையில்லை என்று சொல்லியிருந்தேன். அவள் சரி என்று சொல்லித் துணியை மடித்திருந்தாள்.

“எங்க ஊரு அவசரம்” என்றேன்.

பஸ்ஸில் சந்திரகிரி தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே, “நைனாகிட்ட சொல்லிட்டேன், நான் இங்கியே இருந்துக்கறேன், வேலைக்கிப் போறேன்னு. நீங்களே போய்ப் பேசுங்க” என்றாள். அப்புறம் குழந்தையை என் மடியில் வைத்தாள்.

வீட்டில் மாமாவும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று மாமா தன் மகளிடம் கேட்டார். “அவரக் கேளு நைனா” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இரண்டு பாஷை, ஒரு வார்த்தை, இரண்டு அர்த்தம் என்று நீளமாக ஒரு விளக்கம். அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“மாமா, எனக்கு இவங்க ரெண்டு பேரும் அவசரம்” என்றேன்.

அவர் என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். உள்ளே பீரோவின் மேலிருந்து பையை இழுக்கும் சத்தம் கேட்டது. மாமா பேப்பரை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“ரயிலு எத்தினி மணிக்கு, மாப்ள?” என்று கேட்டார்.